அளப்பதற்கு முன் எங்கே இருந்தது?

அன்புள்ள என்று எழுத மனம் வராத நண்பனுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அளந்தால் எலக்ட்ரான் ஓரிடத்தில் இருக்கிறது. அளப்பதற்கு முன் எங்கே இருந்தது? இயற்பியல் படித்த நாளில் விடுதி அறையில் நாம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. கருத்தரங்கில் எழுந்து கேட்டவன் நான் மட்டும்.

"கணக்கு சரியா வருதில்ல? அப்புறம் எதுக்குய்யா அர்த்தம்? சாமியாராப் போகப் போறியா?" என்றார் பேராசிரியர். முதலில் சிரித்தவன் நீ. எனக்கு ஆய்வு இடம் போயிற்று. உனக்கு அவர் நாற்காலியே கிடைத்தது. இப்போது அதே கேள்வியைப் புத்தகமாக்கி விருதும் வாங்கிவிட்டாய். இருக்கட்டும்.

திங்கட்கிழமை உன்னிடம் ஆய்வு இடத்துக்கான நேர்காணலுக்கு ஒரு பெண் வருவாள். அவளும் அதையேதான் கேட்பாள். பிடிவாதத்தைப் பார்த்தே யார் மகள் என்று தெரிந்துகொள்வாய்.

"அவர் சிரிச்சிட மாட்டாரேப்பா?" என்று காலையில் கேட்டாள்.

"சேச்சே, பெரிய மனுஷன்" என்றேன். சொன்னதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சிரிக்காதே. தெரியவில்லை என்று சொல். நூறு வருடமாக எவனுக்கும்தான் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டால் இது அப்பன் எழுதிய சிபாரிசாகிவிடும். அவள் என்னை மன்னிக்கமாட்டாள். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.