சமாஜ காரியம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீ தொண்டு வேலைக்குப் போயிருக்கிற அந்த ராஞ்சிப் பக்கத்துக் காட்டு ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கொசுவலைக்குள் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாரே, மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைக்காதே. போனில் பேசினால் இரண்டு வார்த்தை தாண்டுவதற்குள் எனக்கு உன் இஷ்டம் என்று வந்துவிடுகிறது. நம் வீட்டில் உன் இஷ்டம் என்றால் எனக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம், அது உனக்கும் தெரியும், போய்ச்சேர்ந்த உன் அம்மாவுக்கும் தெரியும். எம்.எஸ்.டபிள்யூ. படிக்க மும்பையிலும் இடம் கிடைத்திருக்கிறது, பெங்களூரிலும் கிடைத்திருக்கிறது, எதை எடுக்கட்டும்ப்பா என்று நீ கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன், சொல்லிவிட்டுப் போனையும் வைத்துவிட்டேன். நீயும் என் மகள்தானே, அர்த்தம் புரிந்துகொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரே எடுத்துக்கறேன்ப்பா, தினமும் வீட்டுக்கே வந்துடலாம் என்று மெசேஜ் போட்டாய். அந்த மெசேஜைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மாதக் கடைசிக்குள் நீ காலேஜுக்குச் சம்மதம் சொல்ல வேண்டுமாமே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன்.

உன் மெசேஜைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அறையைத் திறந்து, கட்டிலைத் துடைத்து, ஃபேனுக்கு எண்ணெய் போட்டு, யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு நாளில் பேச்சு என்பது பால்காரனிடம் அரை லிட்டர் என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ரோஜாத் தோட்டத்து வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கினாள். நிற்க வைத்துச் சொன்னேன். எம்.எஸ்.டபிள்யூ. என்றால் அவளுக்குப் புரியவில்லை. சமூகப் பணி என்றேன், ஓகோ, சமாஜ கார்யவா என்று கன்னடத்தில் கேட்டாள். அவள் அண்ணன் மகளும் மாலூரில் அதைத்தான் படித்தாளாம். அதே அதே என்று தலையை ஆட்டினேன். நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. என்றால் கம்பெனியில் ஹெச்.ஆர்., ஏ.சி. ரூம், கழுத்தில் அடையாள அட்டை, அதுதானே. பெங்களூர்க்காரர்களும் அந்தப் பிரிவில்தான் உனக்கு இடம் தந்திருக்கிறார்கள், படித்து முடித்ததும் இங்கேயே ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் நீ நுழைவாய், சாயங்காலம் நான் டீ போட்டு வைத்திருப்பேன் என்று மனதுக்குள் முழுப் படமே ஓட்டிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை நடந்ததைக் கேள். விடியற்காலையில் ஒகேனக்கல் தண்ணீர் வந்திருக்கிறது. குழாயடியில் கெம்பம்மா, அழகர்சாமி அண்ணா மகளு சமாஜ கார்யக்கே பர்த்தாளே என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, குடத்தை வீட்டில் வைத்த கையோடு வேன் ஏறிப் போய்விட்டாள். வரிசையின் கடைசி வீட்டில் பார்வதி என்று ஒரு பெண் புதிதாகக் குடி வந்திருக்கிறாள், கோவில்பட்டிக்காரி. புருஷன் பூபதி என் பழைய கம்பெனியில்தான் பிரஸ் ஷாப்பில் இருக்கிறான். அவளுக்குக் கன்னடம் கால்வாசிதான் பிடிபடும். அவள் காதில் விழுந்தது மூன்றே வார்த்தை. அழகர்சாமி, மகள், காரியம். மகள் காரியத்துக்கு வருகிறாள். இந்த வீட்டில் காரியம் என்றால் அது வேறு யாருக்கு இருக்க முடியும், தாயி? இருப்பது நான் ஒருவன்தானே. அவள் நம் வாசலை எட்டிப் பார்த்திருக்கிறாள். தினமும் அலறுகிற என் ரேடியோ அன்று சத்தமில்லை, கதவும் சாத்தியிருந்தது. உடனே நைட் ஷிஃப்டில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டு, நம்ம அழகர்சாமி அண்ணாச்சி போயிட்டாகளாம், மவ காரியத்துக்கு வாராளாம் என்று அழுதிருக்கிறாள். பூபதி அதை லைனில் சொல்ல, ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்குள் பழைய ஆட்களுக்கெல்லாம் பரவிவிட்டது.

நான் பாட்டுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையிலிருந்து பாதம்வரை தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, வெந்நீர் கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கையோடு ரேடியோவைத் தொட வேண்டாம் என்றுதான் அன்று போடவில்லை. வாசலில் கம்பெனி பஸ் நிற்கிற சத்தம். கதவைத் திறந்தால் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ராஜப்பன் மாமா ஆளுயர ரோஜா மாலையோடு நிற்கிறார், பின்னால் பூபதி, இன்னும் நாலு பேர், எல்லாருக்கும் யூனிஃபார்ம், எல்லாருக்கும் முகம் தொங்கிப்போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ராஜப்பன் மாமா மாலையைக் கீழே விட்டுவிட்டு, ஒரேய் பதிகே உன்னாவா, உயிரோடதான் இருக்கியாடா என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தி, எண்ணெய் வழிகிற என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். யாருக்கடா மாலை என்று கேட்டேன். பார்வதிதான் பின்னாலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி மன்னிச்சிருங்க, நாந்தான் தப்பாக் கேட்டுப்புட்டேன் என்றாள். விஷயம் புரிந்ததும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பொணத்துக்கு நாங்க எண்ணெ வைக்கணும்னு வந்தா, நீயே வெச்சுக்கிட்டு ரெடியா இருக்கியே என்று ராஜப்பன் மாமா கிண்டல் வேறு. செத்ததாகப் பொய்ச்சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று பார்வதி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டாள். மாலையை வீணாக்குவானேன் என்று உன் அம்மா படத்துக்குப் போட்டோம். பூங்கொடிக்கு அவ்வளவு பெரிய மாலை அவள் போன அன்றைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

டீ குடிக்கும்போதுதான் பூபதி சொன்னான், பஸ்ஸில் வரும்போது எல்லாரும் முதலில் கேட்டது பொண்ணுக்குச் சொல்லியாச்சா என்பதைத்தானாம், ஒருத்தரிடமும் உன் நம்பர் இல்லையாம். அப்புறம் உன் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹெச்.ஆர். ஆகப்போகிறாள் என்றேன் பெருமையாக. பூபதி சின்னப் பையன், சூது வாது தெரியாது, அவங்க ஆசப்பட்டது அதானாங்க மாமா என்று கேட்டுவிட்டான். நீ ஆசைப்பட்டது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? பெங்களூர் ஆஸ்பத்திரியில் உன் அம்மா படுத்திருந்தபோது, டாக்டரும் இல்லாத நர்ஸும் இல்லாத ஒரு அம்மா வருவார்களே, அருள்செல்வி மேடம். எந்த வார்டுக்கு எங்கே போக வேண்டும், எந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லாவற்றையும் நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னவர்கள். டாக்டர்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நழுவியபோது, நம் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து, இனிமேல் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே இருங்க, அவங்க அதைத்தான் கேக்கறாங்க என்று உண்மையைச் சொன்னது அவர்கள் ஒருவர்தான். உன் அம்மா தன் வீட்டில், தன் கட்டிலில், உன் மடியில் போனாள் என்றால் அது அவர்களால்தான். நீங்க என்ன படிச்சீங்க மேடம் என்று நீ அவர்களிடம் கேட்டதும், எம்.எஸ்.டபிள்யூ. என்று அவர்கள் சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிப் படிப்பு மும்பையில்தான் இருக்கிறது, பெங்களூரில் உனக்குக் கிடைத்தது கம்பெனிப் படிப்பு. இது தெரிந்தேதான் உன் இஷ்டம் என்றேன், அப்புறமும் சந்தோஷப்பட்டேன்.

அவர்கள் எல்லாரும் தூங்க வேண்டும் என்று கிளம்பிப் போனார்கள். வீட்டில் டம்ளர்கள் மட்டும் அங்கங்கே கிடந்தன. எனக்குக் கழுவ மனசே வரவில்லை தாயி, சாயங்காலம்வரை அப்படியே விட்டுவைத்திருந்தேன். மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. சமைத்தால் சாப்பிடப் பிடிக்கவில்லை, தூங்கி எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. ஷிஃப்ட் பஸ் முனையில் ஹார்ன் அடித்தால் இன்னும் கால் செருப்பைத் தேடுகிறது. அதனால்தான் உன்னைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் வெந்நீர் மறுபடி கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. பார்வதி தப்பாகக் கேட்கவே இல்லை. நீ பெங்களூருக்கு வருவது படிப்புக்காக இல்லை, எனக்காக. அப்பா தனியாக இருக்கிறார், என்றைக்கு என்ன ஆகுமோ என்று ஆசைப்பட்ட படிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரப்போகிறாய். அது எனக்கு உயிரோடு இருக்கும்போதே செய்கிற காரியம் இல்லாமல் வேறென்ன? இந்த வயதில் என் மகள் என் காரியத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே பெங்களூர் வேண்டாம் தாயி. மும்பைக்கே சம்மதம் சொல். இது உன் இஷ்டம் என்று சொல்லவில்லை, என் இஷ்டமும் அதுதான் என்று எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள். நீ பயப்படுவாய் என்று தெரியும், அதனால் உன் நம்பரைக் கெம்பம்மாவுக்கும் ராஜப்பன் மாமாவுக்கும் பூபதிக்கும் கொடுத்துவிட்டேன். மாற்றுச் சாவி கெம்பம்மாவிடம் இருக்கிறது. நடந்ததைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள், இனிமேல் தமிழில்தான் பேசுவேன் என்று சத்தியம் வேறு. எட்டு மணிக்கு ரேடியோ சத்தம் கேட்காவிட்டால் பார்வதி வந்து கதவைத் தட்டுவாள் என்று ஏற்பாடு. இன்று காலையிலேயே வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டாள், திட்டிவிட்டுப் போனாள், நன்றாக இருந்தது. மும்பையில் மழை பேய்மாதிரி பெய்யுமாம், நல்ல குடையாக வாங்கு. ஓடுகிற ரயிலில் ஏறாதே. ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாலும் நீ முதலில் சாப்பிட்டுவிட்டுப் போ, உன் அம்மாவுக்குச் செய்த மாதிரி பட்டினி கிடக்காதே. என்றைக்காவது ஒரு பெஞ்சில் என்னைப்போல ஒருவன் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பாஷையில் பேசு, அது போதும் எனக்கு.

அழகர்மலையான் துணையும் உன் அம்மா ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீ தீர்க்காயுசாக, நினைத்தது நடந்து, நன்றாக இரு. பார்வதி கணக்குப்படி எனக்கும் ஆயுசு கூடிவிட்டது. நீ சமாஜ காரியத்தைப் பார், என் காரியத்துக்கு இப்போது அவசரமில்லை. தீபாவளிக்கு மட்டும் வந்துவிட வேண்டும், அதில் உன் இஷ்டம் கிடையாது.

இப்படிக்கு,
எண்ணெய் தேய்த்துக் குளித்து உயிரோடு இருக்கும் உன் அப்பா,
அழகர்சாமி.