சனிக்கிழமைக்காரர் குளிக்கிறார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசளவில் எப்படி என்று கீழே எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வயிற்றுவலி மாத்திரையை முழுசாகப் போட்டு முடித்தாயா, இல்லை வலி நின்றதும் வழக்கம்போல நிறுத்திவிட்டாயா என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி, என்னுடையதும் அதுவே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பொரிந்து தள்ளிவிடுகிறாய், அதுவும் போன தடவை, யாரோ ஒரு ஆளை வீட்டுக்குள் விட்டுக் குளியலறையைத் திறந்துகொடுக்கிறீர்களே, புத்தி கெட்டுப்போச்சா என்று நீ போட்ட போட்டில் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. இதை எழுதும் இந்த நேரத்தில் அந்த ஆள் நம் குளியலறைக்குள்தான் இருக்கிறார், தாழ் போட்டிருக்கிறார், தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிறது. கதவைத் தட்டிவிடாமல் இருக்க என் கைக்கு ஒரு வேலை வேண்டும், அதற்காகத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், வீட்டில் மிஞ்சினதைக் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பேர் கொடுப்பது இல்லை, பழைய துணி மூட்டை வைக்க இங்கே இடமும் இல்லை, கர்த்தர் யார் கையாலோ உங்களுக்குக் கொடுத்த ஒன்றை நினைத்துப் பாருங்கள், அதைத் தேவையில் இருக்கிற ஒருவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க உன் அம்மா எழுந்து, எங்கள் வீட்டுக் குளியலறையைத் தருகிறேன், சனிக்கிழமை காலை, சோப்பும் துண்டும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், எனக்குக் காது சுட்டது. சபையில் புதன்கிழமை சாப்பாடு போடுகிறோமே, அங்கே வரிசையில் நிற்கிற ஒருவர் அடுத்த சனிக்கிழமையே வாசலில் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருப்பார், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கடைகளின் படியில் படுக்கிறவர். பேரைச் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை, சனிக்கிழமைக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். வந்ததும் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போவார், தாழ் போடுவார், வெகுநேரம் கழித்துத் தரையையும் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார். வர்றேங்க்கா என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போய்விடுவார். ஒரு சாமானைத் தொட்டதில்லை. நீ சொல்கிற திருட்டுப் பயம் எனக்கும் இருந்தது, முதல் வாரத்தோடு போய்விட்டது. பிறகு வந்த பயம் வேறு.

ஒரு புதன்கிழமை அவர் சாப்பாட்டு வரிசையிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம், ஆனால் என் தூக்கம் அன்றோடு போயிற்று. உனக்குத்தான் தெரியுமே, ஆயுசில் பாதியை லிப்ட் ரிப்பேரில் கழித்தவன் நான். நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் ஆள் இருப்பார், வெளியே நான் இருப்பேன், உள்ளேயிருந்து திட்டு வருகிறவரை பயமில்லை, குரல் நின்றால்தான் பயம். வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது என் கட்சி. அதனால் ஒரு சனிக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்தாழ்ப்பாளைக் கழற்றி ஓட்டைகளையும் அடைத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு. அவர் வந்தார், உள்ளே போனார், போன வேகத்தில் வெளியே வந்தார், தலை நனையவில்லை. போதுங்கய்யா என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். கடையிலிருந்து திரும்பிய அம்மா போய்க் கதவைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், பழைய வெள்ளக் கதையை எடுத்தாள். வெள்ளம் வந்து நாம் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோமே, நீ அப்போது கைக்குழந்தை, உனக்குப் பால் தேடி அலைந்ததுதான் எனக்கு ஞாபகம். அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது வேறு. ஒரே கூடத்தில் அத்தனை குடும்பம், எந்த நேரமும் யாரோ ஒருவர் கண் மேலே, அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி இவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிக்கச் சொல்லியிருக்கிறாள். "அவங்க வீட்டுல தண்ணி ஒரு வாளிதான் இருந்துச்சு. தாழ் போட்டுட்டு உள்ள உக்காந்து அழுது தீத்தேன். எவ்வளவு நேரமானாலும் அவங்க தட்டல. நான் திருப்பிக் குடுக்கணும்னு எந்திரிச்சது அதத்தான், நீங்க அதையே புடுங்கிட்டீங்க." இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை பாப்பா. நான் இடிந்துபோனேன்.

அன்றைக்கே தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினேன், ஆனால் வர வேண்டியவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை, புதன்கிழமைச் சாப்பாட்டுக்கும் இல்லை, மழை வேறு விடாமல் கொட்டியது. பேருந்து நிலையம், பாலத்தடி, ஆஸ்பத்திரி என்று குடையும் கையுமாக அலைந்தேன், அம்மா என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நேற்றுத்தான் சந்தைக்குப் பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாகிவிட்டார். தாழ்ப்பாள் மாட்டிவிட்டேன், வாருங்கள் என்றேன். சாக்கை விலக்காமலே, "வெளிய யாரும் நிக்க மாட்டீங்களே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், நிற்கவில்லை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சற்றுமுன் தாங்காமல் கதவு வரைக்கும் போய்க் கையை ஓங்கிவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஒரு பார்வை பார்த்தாள், திரும்பி வந்துவிட்டேன். விழுந்து கிடந்தால் என்ன செய்வேன், தட்டினால் இனிமேல் வரவே மாட்டாரே, எதைச் செய்தாலும் தப்பாகிவிடும்போல் இருக்கிறது. கொடுத்துவிட்டால் மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன், எனக்கு வேர்த்துக்கொட்டுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இரு, இருமல் கேட்கிறது. குழாயும் திறந்துவிட்டது. அப்பாடா, ஸ்தோத்திரம். இப்போதைக்கு வர மாட்டார் போலிருக்கிறது, வர வேண்டாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். வேலை முடிந்தால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் சனிக்கிழமை காலையில் போன் பண்ணாதே. நம் வீட்டுப் போன் குளியலறைச் சுவரை ஒட்டி இருக்கிறது, மணி அடித்தாலே தன்னைக் கிளம்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவர் ஈரத்தோடு வெளியே வந்துவிடுகிறார். இன்றைக்கு ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது உன்னுடைய அந்த ஒரு போனைத்தான். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்ததும் கூப்பிடு, அதுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா