படகோட்டியின் மகள்

பாரிஸ், 3 அக்டோபர் 1827

அன்புள்ள செராஃபீனுக்கு,

நீயும் உன் அக்கா பிலிபெர்த்தும் நலம்தானே? நீ ஓன்ஃப்ளூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நான்கு கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை. எனக்கு இருமல் விடவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகக் காலம் தள்ளுகிறேன்.

கண்காட்சிக்குப் பெரிய படம் ஒன்று வரைகிறேன். கல்யாணமான புதிதில் நாம் மாறி மாறிப் படித்துக் காட்டிய படகோட்டி நாடகம் நினைவிருக்கிறதா? அக்கரையில் ஒரு பெண் கூப்பிடுகிறாள். காற்று அடங்கட்டும், பொறு என்று படகோட்டி கத்துகிறான். விடிந்ததும் ஆற்றிலிருந்து அவளைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு வருகிறான்; பார்த்தால் சொந்த மகள். அந்தக் காட்சிதான். நிழலுக்கெல்லாம் தாரில் இழைத்த பழுப்புச் சாயம் கொடுக்கிறேன். உலரவே உலராத சனியன் என்று பழைய ஆட்கள் திட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆழம் வேறெதிலும் வராது.

மகளுக்கு நம் நோயெலியின் முகத்தை வைத்திருக்கிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

உன் பிரோஸ்பெர்


ஓன்ஃப்ளூர், 12 அக்டோபர் 1827

திருவாளர் பிரோஸ்பெர் அவர்களுக்கு,

நலம். நாடகத்தை நான் மறக்கவில்லை. பிப்ரவரியில் அந்தச் சாயங்காலத்தையும் மறக்கவில்லை. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது, வைத்தியரைக் கூட்டி வாருங்கள் என்று மாடிக்கு ஓடி வந்தேன். தூரிகையை விடாமல், "கொஞ்சம் பொறு செராஃபீன், இந்த வெளிச்சம் போயிடும்" என்றீர்கள். வெளிச்சமும் போனது, அவளும் போனாள். ஆறு வயது. நான் தரையில் விழுந்து அழுதபோது நீங்கள் கட்டிலருகே உட்கார்ந்து கரிக்கோலால் அவள் முகத்தை வரைந்துகொண்டிருந்தீர்கள்.

"அந்த மனுசனுக்கு ஒடம்புல ஓடுறது ரத்தமா, சாயமாடீ?" என்று அக்கா கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

ஊரார் வேடிக்கை பார்க்கவா அவளைப் பெற்றேன்? அந்த முகத்தைச் சுரண்டி எடுங்கள். எடுத்தால் வருகிறேன். இல்லையென்றால் என்னை மறந்துவிடுங்கள்.

செராஃபீன்


பாரிஸ், 9 நவம்பர் 1827

செராஃபீன்,

கத்தியை இரண்டு தடவை எடுத்தேன். முடியவில்லை. அன்றைய கரிக்கோல் படத்தைத் தவிர அவளுக்கென்று வேறு படம் ஏது நம்மிடம்? படகோட்டிக்கு என் முகத்தையே வைத்திருக்கிறேன். பொறு என்று சொன்ன பாவி எவன் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

கண்காட்சியில் சந்தைக்காரிகள் இருவர் என் பக்கத்திலேயே நின்றார்கள். "ஐயோ, இப்பத்தான் கண்ணசந்த மாதிரி கெடக்குதே புள்ள" என்றாள் ஒருத்தி. "அப்பன் மூஞ்சியப் பாரு. நல்லா வேணும் அவனுக்கு. கூப்பிட்டப்பவே போறதுக்கு என்ன கேடு?" என்றாள் மற்றவள். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்று வரைந்த கரிக்கோல் படத்தைக் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். உன்னைச் சுட்டது அதுதான். கிழிப்பதோ எரிப்பதோ உன் கையால் செய். அப்படியாவது உன் மனம் ஆறட்டும்.

பிரோஸ்பெர்


ஓன்ஃப்ளூர், 20 நவம்பர் 1827

கட்டு வந்தது. எரித்துவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

செ.


பாரிஸ், 17 ஏப்ரல் 1836

அன்புள்ள செராஃபீனுக்கு,

எழுதாதே என்றாய். எட்டு வருஷத்துக்கு மேல் சொன்னபடி இருந்தேன். இன்று முடியவில்லை.

படம் ரூவான் நகர மண்டபத்தில் தொங்குகிறது. போன வாரம் பார்க்கப் போனேன். பழைய ஆட்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அந்தப் பழுப்பு உலராமலே இளகி, கறுத்து, பாளம் பாளமாக வெடித்துப் பரவியிருக்கிறது. ஆறு தெரியவில்லை. படகோட்டி மட்டும் அப்படியே நிற்கிறான். அவன் கையில் கரிய குழம்பு. நோயெலி இல்லை, செராஃபீன். நீ சுரண்டச் சொன்ன முகத்தை என் சாயமே தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து திரும்ப வரைந்தேன், பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பெண்தான் வருகிறாள். மகள் முகம் எனக்கு மறந்துவிட்டது.

நீ எரித்ததாகச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன். பொய்தான் என்று ஒரு வரி எழுது.

பிரோஸ்பெர்


ஓன்ஃப்ளூர், 2 மே 1836

என் பிரோஸ்பெருக்கு,

பொய் இல்லை. கட்டைப் பிரிக்காமலே அடுப்பில் வைத்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு எரித்திருக்கலாமே என்று அன்றிலிருந்து வேகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா, "ரெண்டு பேருமாச் சேந்து அவள ரெண்டாந்தடவ சாகடிச்சிட்டீங்க" என்றாள்.

இடது காதுக்குக் கீழே எள்ளளவு மச்சம். சிரிப்பதற்கு முன்னால் வலது கண் மட்டும் முதலில் சுருங்கும். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது. அந்தச் சந்தில் நாக்கை நீட்டி உங்களைத்தான் கேலி செய்வாள். நீங்கள் வரைந்ததெல்லாம் அவள் கண்மூடிய முகம். விழித்திருந்த முகம் என்னிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை வண்டியில் வருகிறேன். சன்னலருகே இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். அந்தப் பழுப்பு வேண்டாம், கரிக்கோல் போதும்.

நடுவில் என்னால் சொல்ல முடியாமல் போகும். வெளிச்சம் போனாலும் பரவாயில்லை, அப்போது கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் செராஃபீன்