பளபளச் சட்டையும் செத்துப்போன கீபோர்டும்

அன்பு மகள் யாஸ்னாவுக்கு,

இங்கே கலாமாவின் பாலைவன வறட்சியில் நானும் உன் அப்பாவும் உதடு வெடித்து, மூக்கு காய்ந்து, மற்றபடி சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே வால்டிவியா மழையில் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தாலே எனக்குப் போதும்.

உன் அப்பாவின் கீபோர்டு செத்துவிட்டது. அவர் வேறு கதை சொல்லுவார், நம்பாதே. உன் ஞானத்தகப்பன் வால்டோவின் மகள் கல்யாணத்துக்கு நம் கும்பியா நடன இசைக் குழுதானே வாசிக்க வேண்டும், அதற்கு ஒத்திகை என்று கூடம் முழுக்கப் புது நைலான் கம்பளம் விரித்தார், குழுத் தலைவருக்கு அது கௌரவமாம். மேடைக்கென்று தைத்த பளபள பாலியெஸ்டர் சட்டையையும் மாட்டிக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து ஆடிவிட்டு, கீபோர்டின் பின்னால் ஒயர் செருகக் கையை நீட்டினார். சுளீரென்று ஒரு பொறி, திரை அணைந்தது, அவ்வளவுதான். மனிதர் உடனே என்ன சொன்னார் தெரியுமா, "ஏடி நெலிடா, நீ ஈரத்துணியால தொடச்சேல்ல, அதான் போச்சு" என்றார், வால்டோவும் மற்றவர்களும் நிற்கும்போதே. கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் துணி காய்கிற ஊரில் என் துணியில் மட்டும் ஈரம் தங்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் அழவில்லை. செருப்போடு அந்தக் கம்பளத்தில் நான்கு நடை தேய்த்து நடந்து, போய் அவர் காதைத் தொட்டேன். "ஐயோ!" என்று துள்ளினார் பார். "இப்ப எந்தத் துணியால தொடச்சேன்?" என்றேன். வால்டோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் வால்டோ தன் கீபோர்டைக் கொடுத்தார், ஆனால் யாஸ்னா முன்பே சொல்லிவைத்தபடி நடந்தால்தான் தொடலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உடம்பில் உரசிச் சேரும் மின்சாரத்தை இறக்க நீ அனுப்பிய கைப்பட்டையைத் தேடினால், உன் அப்பா அதில் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டிருக்கிறார்! கல்யாணம் நடக்கும் வால்டோ வீட்டு முற்றத்தில் எர்த் கம்பி அடித்துவிட்டுப் பெருமையாக நின்றார், மழையே காணாத மண்ணில் அது மாவில் குத்திய குச்சி மாதிரிதான், நான்தான் சுற்றிலும் உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கல்யாணத்தில் பருத்திச் சட்டை, மணிக்கட்டில் பட்டை, அதிலிருந்து எர்த் கொடுத்த ஆம்ப்ளிஃபயரின் இரும்புக்கு ஒரு ஒயர். "என்னப்பா எலூத்தேரியோ, பொண்டாட்டி கட்டிப் போட்டுட்டாளா?" என்று கூட்டமே கத்தியது. "அவுத்து விட்டா உங்க வீட்டுப் பொம்பளைங்க கதி என்னாவறது?" என்றார், வெட்கமில்லாத மனிதர். கடைசிவரை நன்றாகத்தான் வாசித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

என்னிடம் மட்டும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் நேற்று யாரிடமோ போனில், "காரணத்தைக் கண்டுபுடிச்சது என் நெலிடாதான்" என்று சொன்னது அடுப்படி வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஐக்கினா மாதா உன்னைக் காப்பாளாக. ஈரச் சாக்ஸோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அப்பாவுக்குப் போன் செய்யும்போது கம்பளத்தைப் பற்றி மறக்காமல் விசாரி.

முத்தங்களுடன்,
உன் அம்மா நெலிடா