சீட்டு இல்லையென்றால் எல்லாம் இருக்கிறது

புது லேப்டாப்பின் உறையைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் வாசம் வருமே, இன்று காலை என் அறை முழுக்க அந்த வாசம்தான். உன் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கட்டட வரைபடப் படிப்பு. லேப்டாப்பை என்னையே பார்த்து வாங்கித் தரச் சொன்னாள் உன் மனைவி. "உங்களுக்குத்தான் அண்ணா இதெல்லாம் தெரியும்" என்றாள். எனக்குத்தான் தெரியுமாம்.

திரைக்குக் கீழே இருக்கும் ஸ்டிக்கரை மூன்று தடவை படித்தேன். கிராபிக்ஸுக்குத் தனி மெமரி. கடைக்காரனை வாயால் சொல்ல வைத்து, பில்லிலும் எழுத வைத்தேன். இந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்பாய். கேள், உனக்கு அந்த உரிமை உண்டு.

நாம் இருவரும் ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் வரைபட ஆபீஸ் நடத்திய காலம். எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தரைக்கு மேலும் கீழும் ஓடுகிற குழாய், கேபிள் எல்லாவற்றையும் முப்பரிமாணப் படமாகப் போட்டுக் கொடுப்போம். படம் என் பொறுப்பு, சைட் உன் பொறுப்பு. சைட்டுக்கு எடுத்துப் போக முதல் லேப்டாப்பை நான்தான் வாங்கி வந்தேன். ராம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி., கிராபிக்ஸ் நூற்றிருபத்தெட்டு என்று போட்டிருந்தது. இரண்டும் தனித்தனி என்று நம்பி, என்னவோ கோட்டையைப் பிடித்தவன் போலப் படியேறினேன். நீ செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இது ஷேர்டு மாமு. அந்த நூத்தி இருபத்தெட்டையும் ராம்லேர்ந்தே புடுங்கிக்கும். எங்க எம்.கே.பி. நகர் பிளாக்குல ஒரே பைப்பு கீது பாரு, கீழ் வூட்ல தொறந்தா மேல் வூட்ல வெறும் காத்துதான் வரும். அதான் இது." அன்றிலிருந்து அந்த லேப்டாப்புக்கு 'பொதுக் குழாய்' என்று பேர் வைத்துவிட்டாய்.

தனி மெமரி உள்ளதாக மாற்றிக்கொண்டு வா என்றாய். ஒரு வாரத்துக்குள் கடையில் மாற்றித் தந்திருப்பார்கள். நான் போகவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று அந்தக் கடைக்காரன் முன்னால் போய் நிற்க என் வீம்பு விடவில்லை. வேறு காரணமே கிடையாது.

பெரிய படத்தைத் திறந்தால் அந்த லேப்டாப் திணறும். ஒரு சுற்றுச் சுற்றினால் திரை உறைந்து நிற்கும். ஆகவே குழாய் ஒரு அடுக்கு, கேபிள் ஒரு அடுக்கு என்று பிரித்து, வேண்டாத அடுக்குகளை மறைத்து வைத்து வேலை பார்த்தோம். எதை மறைத்தோம் என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்ட வேண்டும், அடுக்கைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் உரிக்க வேண்டும். நீ போட்ட சட்டம் அது. சீட்டு இல்லையென்றால் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம்.

எர்ணாவூர் வேலைக்கு ஒரு பெரிய அதிகாரி படம் பார்க்க வந்த அன்று காலை, பழைய கேபிள் அடுக்கை மறைத்தேன். எழுதி ஒட்டவும் செய்தேன். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் அந்தச் சீட்டு எனக்குக் கலீஜாகத் தெரிந்தது. உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படம் வெண்ணெய் மாதிரி சுழன்றது. அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் லேப்டாப்பை அப்படியே மூடி உன் கையில் கொடுத்தேன்.

முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. பள்ளம் தோண்டுகிற இடத்திலிருந்து மதியம் போன் செய்தாய்.

"சீட்டு ஒண்ணும் காணோமே மாமு. எல்லாம் கீதா? உன் பொதுக் குழாயாச்சேன்னு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் கிண்டல் பண்ணுகிறாய் என்றுதான் பட்டது.

"எல்லாம் கீது. வை போனை" என்றேன். வைத்துவிட்டாய்.

ஈரத்தைப் பார்த்து ஆட்கள் தயங்கினார்களாம். படத்தில் ஒன்றும் இல்லை, நகருங்கள் என்று கடப்பாரையை நீயே வாங்கினாயாம். மூன்றாவது குத்தில் கேபிள். பழசுதான், ஆனால் அதில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கை விட்டேன். விரலில் பசை ஒட்டியது.

பழைய கேபிள் படத்தில் விடுபட்டிருந்தது என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். லேப்டாப்பை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. உன் வீட்டில் எனக்குப் போட்ட சாப்பாட்டை எல்லாம் எப்படித்தான் விழுங்கினேனோ.

நேற்று உன் மகள் போன் செய்தாள். லேப்டாப் பற்றித்தான் பேச்சு. வைக்கப் போகும்போது கேட்டாள்: "அப்பா கடைசியா உங்க கூடத்தான் பேசினாராமே மாமா. இன்னா சொன்னாரு?" நேரில் சொல்கிறேன் என்றேன்.

இத்தனை வருஷமாகப் பர்ஸில் வைத்திருந்த சீட்டை இப்போதுதான் வெளியே எடுத்தேன். பசை போய்விட்டது. 'பழைய கேபிள் மறைத்திருக்கிறது' என்ற என் கையெழுத்து மட்டும் அழியவில்லை. புது லேப்டாப்பின் திரையோரம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். உன் மகள் திறந்ததும் முதலில் அதைத்தான் படிப்பாள், இது என்ன மாமா என்று கேட்பாள். பயமாக இருக்கிறது தோஸ்து. இந்தத் தடவை சீட்டை உரிக்க மாட்டேன்.