பேர் சொல்லிக் கூப்பிட்டால்

12-9-1959, எடப்பாடி

பக்கத்து வீட்டு ரோசி என்னையும் வீட்டுக்காரரையும் டூரிங் டாக்கீஸுக்கு இழுத்துப் போனாள். மாயக்குளத்துப் படம். செத்த ராஜா குளத்திலிருந்து எழுந்து வருகிறான். ராணி பேர் சொல்லிக் கூவி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். கட்டின புருஷன் பேரை, அத்தனை பேர் எதிரில்! கொட்டகையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

13-9

"உங்க ஊட்டுக் கதைதான் புள்ள அது" என்கிறாள் ரோசி. வாயைக் கழுவச் சொன்னேன். ஆனால் பொய்யுமில்லை. போன வருஷம் வடக்கே லாரி ஆற்றில் விழுந்து இவர் போய்விட்டார் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் செத்தவர்கள் பேரோடு இவர் பேரையும் வாசித்தார்கள். நான் எப்படி வாயால் சொல்வேன்? ரோசிதான் கோயில் உபதேசியாரிடம் சொன்னாள். சித்திரையில் வாசலில் வந்து நிற்கிறார்! ஏதோ ஆஸ்பத்திரி, நினைவு தப்பிப்போச்சு என்றார்.

20-9

படத்தின் கதை புத்தகமாகவே இருக்கிறதாம். ரோசி சேலத்திலிருந்து வாங்கி வந்தாள். இதில் ராணி இல்லை, சாதாரணக் குடியானவன் பெண்டாட்டி. குளத்திலிருந்து திரும்பியவன் முன்னைவிட நல்லவன். அடிப்பதில்லை, சோற்றில் குறை சொல்வதில்லை.

மூடி வைத்துவிட்டேன். இவரும் வந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தட்டை வீசவில்லை.

24-9

குழம்பில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றுதான். பழைய ஆளாயிருந்தால் சட்டி பறந்திருக்கும். "நல்லாருக்கு புள்ள" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்குத்தான் இறங்கவில்லை.

2-10

புத்தகத்தை முடித்துவிட்டேன். படித்திருக்கவே கூடாது. வந்தது புருஷனில்லை. முகம் அதே, நடை அதே. ஊரார் பேர் சொன்னால் திரும்பும். கட்டினவள் சொன்னால் மட்டும் அதற்குக் காது கேட்காது. அவள்தான் சொல்லவே மாட்டாளே! கிழவியாகி அதன் மடியிலேயே சாகிறாள்.

நானும் ஒருநாளும் சொன்னதில்லையே — ஐயோ, மாதாவே.

9-10

பட்டப்பகல். இவர் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தெருவில் போன மயில்சாமி பேர் சொல்லிக் கூப்பிட்டார். "வாங்க" என்று இவர் உடனே திரும்பினார். மயில்சாமி போனபிறகு பின்னால் போய் நின்றேன். கையெட்டும் தூரம்.

"சூசைமாணிக்கம்!"

தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். இன்னொரு தரம் கத்தினேன். கூரையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

"ஏனுங்க" என்றேன், மெதுவாக.

திரும்பினார். "என்ன புள்ள? ஏன் இப்படி வேர்த்திருக்குது?"

10-10

காய்ச்சல். கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

2-11

கல்லறைத் திருநாள். இந்த வருஷம் உபதேசியாரிடம் நானே பேர் சொன்னேன்.

"எந்தச் சூசைமாணிக்கம், அம்மா?"

"செத்துப்போனவருங்க."

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் அந்தப் பேரை வாசித்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். முரடன்தான். ஆனாலும் என் முரடன். போன வருஷம்கூட இப்படி அழவில்லை. இவர் பக்கத்தில் நின்று, காற்றில் அணையாமல் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தார்.

"ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றேன்.

"போலாம் புள்ள" என்றார். கூடவே நடந்தேன்.