ஸ்டீயரிங் இப்போது என் கையில்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாயா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சேதியைக் கொட்டிவிடுகிறேன், என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் ஆம்புலன்ஸ் இல்லை, டாக்ஸி இல்லை, உன் அம்மாதான். நெடுஞ்சாலையில், உன் மாமா கொடுத்த பழைய காரில், நானே ஓட்டி! நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

விபத்துக் கதை உனக்குத் தெரியும், ஆனால் அப்பா சொன்ன கதைதான் தெரியும். லாரிக்காரன் பின்விளக்கு எரியாமல் பாதி ரோட்டில் நிறுத்திவைத்திருந்தான் என்பார். அது உண்மைதான், பொழுது சாயும் நேரத்தில் அப்படி நிறுத்துவது அக்கிரமம்தான், ஆனால் அது பாதிக்கதை. பம்பு செட் விற்கப் போகிற ஊருக்கெல்லாம் ஒரே மூச்சில் போய்த் திரும்புவதில் இவருக்கு எவ்வளவு பெருமை, எங்கயும் நிக்கலடி, ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல என்று மெடல் வாங்கியவர் மாதிரி வாசலில் வந்து நிற்பாரே. அன்றைக்கும் கண் சொருகியிருக்கிறது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று வேகத்தைக்கூடக் குறைக்காமல் வந்திருக்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் லாரி. சீட் பெல்ட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. லாரி டிரைவர் பின்னால் உட்கார்ந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தவர், ஏதோ ஒரு ஸ்பானர் எடுக்க அப்போதுதான் முன்பக்கம் போயிருக்கிறார். அந்த ஆளு அங்கயே இருந்திருந்தா, அந்த ஆளு அங்கயே இருந்திருந்தா என்று இவர் புலம்பாத நாள் இல்லை. வேலை போனது, நடக்க வாக்கர் வந்தது, தூக்கம் சுத்தமாக ஒழிந்தது. அதைவிடக் கொடுமை, கார் என்றாலே கை கால் உதற ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரியோ நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில் இருக்கிறது, ரயில் போகாத ஊர். இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் வாசல்வரை வந்து, கார்க் கதவைப் பிடித்தபடி அழுதுவிட்டுத் திரும்பிவிட்டார். இன்னும் தள்ளிப்போட்டால் சக்கர நாற்காலிதான் கதி என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

யார் ஓட்டினால்தான் வருவீர்கள் என்று ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டேன். கூலிக்கு ஓட்டுறவன் நிறுத்துன்னா நிறுத்துவானா, நீ ஓட்டு, வர்றேன் என்றார். நான் சைக்கிளே ஓட்டியதில்லை என்ற தைரியத்தில் சொல்லியிருப்பார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், எதிரே பூனை வந்தாலும் பஸ் வந்தாலும் நான் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்து அவள் முருங்கைக்காய் மாதிரி இளைத்துவிட்டாள். ஒரு குப்பைத் தொட்டியையும் ஒரு கேட்டையும் பதம் பார்த்த பிறகு எப்படியோ கை படிந்துவிட்டது. லைசென்ஸைக் கொண்டுவந்து முன்னால் நீட்டியபோது உங்கப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! சொன்ன சொல் தப்பாமல் வந்து ஏறினார், அதற்காகவே அவர் காலில் விழலாம். வழியெல்லாம் நிறுத்து என்பார், நிறுத்துவேன், மூச்சை இழுத்து விட்டுக்கொள்வார், மறுபடியும் கிளம்புவோம். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கினார்கள், முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார்கள், போங்கடா மகராசன்களா என்று வழிவிட்டேன். பாதி தூரம் போனதும் எனக்கே ஒரு கொட்டாவி வந்தது. ஒரே ஒரு கொட்டாவிதான், ஆனாலும் பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டிவிட்டுத் தூங்கப்போகிறேன் என்றேன். கிண்டல் செய்வார் என்று பார்த்தால், நல்லா தூங்கு, என்ன அவசரம் இப்ப என்று சொல்லிவிட்டு எனக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார். நான் நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன். தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம், டாக்டரம்மா முறைத்தார், முறைக்கட்டும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று வாக்கரைப் பேருக்குத் தொட்டுக்கொண்டு வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து காட்டினார், நர்சுகள் கைதட்டினார்கள், நான் வாய்விட்டே அழுதேன். திரும்பி வரும்போது எப்போது நிறுத்தச் சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன், சொல்லவே இல்லை. என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தால், பெல்ட்டைப் போட்டபடி தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்! விபத்துக்குப் பிறகு இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வரவில்லை, வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு அவராக விழிக்கும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ராணி மாதிரி.

நீயும் இரவு டியூட்டி முடிந்து அத்தனை தூரம் ஓட்டிப் போகிறாய். கண் எரிந்தால் வேலை செய்கிற இடத்திலேயே ஓர் அறையில் படுத்துவிட்டுப் போ, யார் என்ன நினைத்தால் உனக்கென்ன. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும்போது டாக்ஸி எதுவும் பிடிக்காதே, விமான நிலையத்துக்கு நானே வருவேன். கொஞ்சம் தாமதமாகும், காத்திரு.

இப்படிக்கு,
நம் வீட்டு டிரைவர்,
உன் அம்மா.